கச்சான் இலை மஞ்சளாகிறது: இலைக்குப் பச்சை எங்கிருந்து வருகிறது?

கச்சான்காணி | ஒட்டுசுட்டான்

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் காலபோகத்துக்கு, அதாவது மாரிப் பயிர்க்காலத்துக்கு, கச்சான் (நிலக்கடலை) போட்டிருக்கிறோம். மழை அளவாகப் பெய்தது, முளைப்பும் நல்லது. ஆனால் காணியின் ஒரு மூலையில் மட்டும் செடிகள் வெளிறி நிற்கின்றன. கிட்டப் போய்க் குந்தியிருந்து பார்த்தேன். நுனியில் உள்ள இளம் இலைகளில்தான் மஞ்சள். நரம்பு பச்சைக் கோடாகத் தெரிகிறது, நரம்புகளுக்கு இடையில் எலுமிச்சம்பழ நிறம். சில செடிகளில் கொழுந்து கிட்டத்தட்ட வெள்ளை. அடி இலைகளுக்கு ஒன்றும் இல்லை, நல்ல பச்சை.

பக்கத்துக் காணிக்காரர் யூரியா எறியச் சொல்கிறார். கடையில் ஒரு போத்தலைக் காட்டி, இதை அடித்தால் ஒரு கிழமையில் பச்சையாகிவிடும் என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

மருந்துப் பெயர் கேட்டு இதை எழுதவில்லை. இலையின் பச்சை மண்ணிலிருந்து ஏறுகிறதா, பசளையிலிருந்து வருகிறதா, அல்லது இலையே செய்கிறதா? இலைதான் செய்கிறது என்றால் எதை வைத்துச் செய்கிறது? அது தெரிந்தால் என்ன குறைந்திருக்கிறது என்று நாங்களே கண்டுபிடிக்கலாம் அல்லவா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் வாசிப்பேன்.

குளக்கட்டு | முத்தையன்கட்டு

தம்பி, மஞ்சள் என்றால் முதலில் யூரியாவைத்தான் யோசிக்க வேண்டும். 2021 இல் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதே, அந்தக் காலபோகத்தில் வயல்கள் நின்ற நிலை எல்லோருக்கும் தெரியும். கரும்பச்சையாக நிற்க வேண்டிய நெல் வைக்கோல் நிறத்தில் நின்றது. எங்கேயோ அலைந்து கொஞ்சம் யூரியா எடுத்து எறிந்தவர்களின் வரவைகள் மட்டும் அடுத்த கிழமையே கறுத்து வந்தன. வரம்பில் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் இன்னொரு நிறம். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கச்சானுக்கும் கொஞ்சம் எறிந்து பார்.

விஞ்ஞான ரீச்சர் | கிளிநொச்சி

குளக்கட்டு ஐயா சொன்ன நெல் விசயம் முழு உண்மை. அதன் காரணத்தைப் பிறகு தனியாக எழுதுகிறேன். ஆனால் தம்பியின் கச்சானில் அடி இலை பச்சை, நுனி இலை மஞ்சள். நைதரசன் குறைந்த செடியில் இது தலைகீழாக இருக்கும். செடி தன் முதிர்ந்த இலையைக் கலைத்து, அதிலுள்ள நைதரசனை எடுத்து இளம் இலைக்குக் கொடுக்கும். ஆகவே அடி இலைதான் முதலில் பழுக்கும், அதுவும் நரம்போடு சேர்ந்து முழு இலையும் ஒரே சீராக. எனவே யூரியாவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். பச்சையத்தை இலைதான் செய்கிறது. மண்ணில் அது இல்லை, எந்தப் பசளைப் பையிலும் இல்லை. வேர் அனுப்புவது நைதரசன், மகனீசியம், இரும்பு போன்றவற்றை மட்டும். காபன் காற்றிலிருந்து வருகிறது. இவற்றை வைத்து இலைக் கலத்துக்குள் இருக்கும் பச்சையவுருமணி என்ற சிறிய உறுப்பு, பதினைந்து அளவிலான படிகளில் பச்சையத்தைக் கட்டி எடுக்கிறது. ஒவ்வொரு படிக்கும் தனி நொதியம். ஒரு படி நின்றாலும் பச்சை நின்றுவிடும். எந்தப் படி நின்றது என்பதை மஞ்சள் விழும் இடத்தையும் விதத்தையும் வைத்து ஓரளவுக்கு ஊகிக்கலாம். தம்பிக்கு வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

தொடக்கம் குளுற்றமேற்று என்ற சாதாரண அமினோ அமிலம். புரதம் கட்டுவதற்காகச் செடி எப்போதும் வைத்திருக்கும் பொருள் அது. அதை மாற்றி அமினோலெவுலினிக் அமிலம் என்ற சிறிய மூலக்கூறைச் செய்கிறது. எவ்வளவு பச்சையம் வேண்டும் என்பதைச் செடி கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்படி எட்டு மூலக்கூறுகள் வேண்டும். இரண்டு இரண்டாகச் சேர்ந்து நான்கு வளையங்கள் உண்டாகின்றன. நான்கு வளையங்களும் வரிசையாக இணைந்து, பிறகு வளைந்து, ஒரு பெரிய வளையமாக மூடிக்கொள்கின்றன. உள்ளே போன எட்டு நைதரசன் அணுக்களில் நான்கு இந்த இணைப்பின்போது அமோனியாவாக வெளியேறும். மிச்ச நான்கும் பெரிய வளையத்தின் நடுவை நோக்கி நிற்கும். இன்னும் சில திருத்தங்களுக்குப் பிறகு கிடைப்பது புரோட்டோபோபிரின். நிறம் செம்மை. இன்னும் பச்சை இல்லை.

இரணைமடுத் தண்ணீர் இடதுகரை, வலதுகரை என்று பிரிவதுபோல இங்கே பாதை இரண்டாகிறது. வளையத்தின் நடுவில் இரும்பு அணு புகுந்தால் ஹீம், அதாவது எங்கள் குருதியின் ஈமோகுளோபினில் உள்ள அதே சிவப்பு. மகனீசியம் புகுந்தால் பச்சையத்தின் பக்கம். இரும்பைப் புகுத்தும் நொதியம் ஏ.ரி.பி, அதாவது கலத்துக்குச் சக்தி கொடுக்கும் பொருள், கேட்காது. மகனீசியத்தைப் புகுத்தும் நொதியம் மூன்று பகுதிகளால் ஆனது, ஏ.ரி.பி செலவில்லாமல் வேலை செய்யாது.

புரோட்டோபோபிரின் பச்சையத்தின் முன்னோடி என்பதைக் காட்டியவர் நியூயோர்க் ரொக்பெல்லர் நிறுவனத்தில் இருந்த சாம் கிரானிக். குளோரெல்லா என்ற பச்சைப் பாசியை எக்ஸ்கதிரில் காட்டி, பச்சையம் செய்ய முடியாமல் போன வகைகளைப் பிரித்தெடுத்தார். அவற்றில் ஒன்றுக்குள் புரோட்டோபோபிரின் தேங்கிக் கிடந்தது. 1948 இல் அதை வெளியிட்டார். பாதை எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைத் தேங்கியதை வைத்துக் கண்டுபிடித்தார் அவர். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது பெரிய வியப்பைத் தருகிற வேலை.

மகனீசியம் புகுந்த பிறகும் வேலை முடியாது. ஐந்தாவதாக ஒரு சிறிய வளையம் உருவாக வேண்டும். பிறகு ஒளி விழ வேண்டும். கடைசியில் பைற்றோல் என்ற இருபது காபன் நீள வால் ஒட்ட வேண்டும். அந்த வால் கொழுப்பில் கரையும் தன்மையைக் கொடுப்பதால்தான் பச்சையம் மென்சவ்வுக்குள் ஊன்றி நிற்கிறது. முடிவில் கிடைக்கும் பச்சையம் ஏ மூலக்கூறில் 55 காபன், 72 ஐதரசன், 5 ஒட்சிசன், 4 நைதரசன், ஒரேயொரு மகனீசியம்.

தம்பி, இனி நீங்கள் இரண்டு விசயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த மூலையில் முன்பு என்ன இருந்தது? அங்கேயே வளரும் புல், சோளம் போன்றவை எப்படி நிற்கின்றன?

கச்சான்காணி | ஒட்டுசுட்டான்

ரீச்சர், மிக்க நன்றி. அந்த மூலையில் பழைய வீடு இருந்தது. யுத்தத்தில் உடைந்தது. கல்லையும் சீமெந்துக் கட்டிகளையும் எடுத்துப் போட்டோம், ஆனால் சுண்ணாம்புச் சாந்தும் தூளும் மண்ணோடு சேர்ந்துதான் கிடக்கின்றன. கொத்தினால் இப்போதும் வெள்ளைப் பொடி வரும். வேலியோரம் அம்மா ஊன்றிய சோளம் நாலைந்து நிற்கிறது. அது நல்ல பச்சை. புல்லும் பச்சை. கச்சான் மட்டும்தான் இப்படி.

விஞ்ஞான ரீச்சர் | கிளிநொச்சி

நான் எதிர்பார்த்த பதில் கிடைத்துவிட்டது. இது பெரும்பாலும் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. வன்னியின் செம்மண்ணுக்குச் செந்நிறம் கொடுப்பதே இரும்பு ஒட்சைட்டுத்தான். சுண்ணாம்பு கலந்து மண் காரமானால் அந்த இரும்பு கரையாது, வேரால் எடுக்க முடியாது.

கச்சான் போன்ற இருவித்திலைச் செடிகள் வேரைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டு, மண்ணில் கரையாமல் கிடக்கும் பெரிக்கு இரும்பை, எளிதில் கரையும் பெரசு இரும்பாக மாற்றித்தான் உள்ளே எடுக்கும். சுண்ணாம்பு மண்ணில் உள்ள இருகாபனேற்று அந்த அமிலத்தை அங்கேயே முறித்துவிடும். மழை பெய்து மண் ஈரமாகவே இருக்கும்போது இருகாபனேற்று இன்னும் கூடும், ஆகவே மாரியில் மஞ்சள் அதிகம் தெரியும். சோளமும் புல்லும் வேறு வழி வைத்திருக்கின்றன. இரும்பைப் பற்றிப் பிடிக்கும் ஒரு பொருளை வேரால் வெளியே விட்டு, பிடித்த இரும்போடு சேர்த்தே திரும்ப உள்ளே இழுக்கும். காரமண்ணிலும் அது வேலை செய்யும். சீனாவின் சுண்ணாம்பு மண்களில் சோளத்தோடு ஊடுபயிராகப் போட்ட கச்சானில் இரும்புக் குறை குறைவதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் சோளத்துக்குக் கிட்ட நிற்கும் கச்சான் எப்படி என்று போய்ப் பாருங்கள்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி எழும். பச்சையத்தின் நடுவில் இருப்பது மகனீசியம்தானே, இரும்பு இல்லையே, பிறகு இரும்பு குறைந்தால் ஏன் பச்சை போகிறது? ஐந்தாவது வளையம் என்று சொன்னேன் அல்லவா? அதை உருவாக்கும் நொதியத்தில் இரும்பு இருக்கிறது. அதற்கு ஒட்சிசனும் வேண்டும். இரும்பு இல்லாத இலையில் மகனீசியம் புகுந்த மூலக்கூறு அந்தப் படியில் வந்து தேங்கி நிற்கும். செய்த பச்சையத்தை வைத்து வேலை செய்யும் புரதங்கள் பலவற்றுக்கும் இரும்பு தேவை. முதிர்ந்த இலையில் உள்ள இரும்பை இளம் இலைக்கு எடுத்துக் கொடுக்கும் திறமை செடிக்குக் குறைவு. அதனால்தான் அடி இலை பச்சையாகவே நிற்க, கொழுந்து வெளுக்கிறது. மகனீசியம் குறைந்தாலும் நரம்புக்கு இடையில் மஞ்சள் வரும், ஆனால் செடி மகனீசியத்தை இலகுவாக நகர்த்தும். எனவே அது அடி இலையில் தொடங்கும்.

பக்கத்தில் இருக்கும் நல்ல செடி ஒன்றை மண்ணோடு சேர்த்துப் பிடுங்குங்கள். வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு. அது லெக்ஈமோகுளோபின், இரும்பு புகுந்த ஹீம் தரும் நிறம். மேலே இலையில் மகனீசியத்தோடு பச்சை, கீழே முடிச்சில் இரும்போடு சிவப்பு. ஒரே செடி, வளையம் ஒன்றுதான். மஞ்சள் மூலையில் உள்ள செடியின் முடிச்சையும் பிளந்து பாருங்கள். முடிச்சுக்கும் இரும்பு வேண்டும் என்பதால் அவை சிறுத்தோ வெளிறியோ இருக்கக்கூடும்.

உயர்தர உயிரியல் | வவுனியா

ரீச்சர், ஒரு சந்தேகம். ஒளி விழ வேண்டும் என்று எழுதினீர்கள். ஒளி தேவைப்படுவது ஒளித்தொகுப்புக்குத்தானே? பச்சையம் செய்வதற்கும் தேவையா? பாடத்தில் ஒரு வரிதான் இருக்கிறது.

விஞ்ஞான ரீச்சர் | கிளிநொச்சி

நல்ல கேள்வி மகள். தேவை. நெல், கச்சான், பனை, தென்னை என்று பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு படியில் ஒளி கட்டாயம். ஐந்தாவது வளையம் வந்த பிறகு கிடைக்கும் பொருளின் பெயர் புரோட்டோகுளோரோபிலைட்டு. அதை ஒரு நொதியம் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கும். இருட்டில் அப்படியே நிற்கும். ஒளி பட்டவுடன், கண் இமைப்பதற்குள், இரண்டு ஐதரசன் சேர்ந்து குளோரோபிலைட்டு ஆகிவிடும். உயிரினங்களில் ஒளியைப் பயன்படுத்தி வேலை செய்யும் நொதியங்கள் மிகச் சில, அதில் இது ஒன்று.

கோயில் திருவிழாவுக்குத் தென்னங்குருத்து வெட்டித் தோரணம் கட்டுவோம் அல்லவா? குருத்தோலை ஏன் வெண்மஞ்சள்? வட்டுக்குள் ஒன்றை ஒன்று சுற்றி மூடியிருப்பதால் ஒளி உள்ளே போகவில்லை. மற்றப் படிகளுக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. மரத்திலேயே விட்டிருந்தால் விரிந்து வெயில் பட்டுப் பச்சையாகியிருக்கும். நவராத்திரிக் கும்பத்துக்குச் சாமியறையில் முளைக்க வைக்கும் நவதானியமும் வெளிறி நீண்டு வருவது இதனால்தான். அந்தக் கும்பத்தைத் திண்ணைக்கு எடுத்து வைத்தால் சில மணித்தியாலங்களில் பச்சை ஏறத் தொடங்கும். வகுப்பில் செய்து காட்டுவதற்கு மிகச் சுலபமான பரிசோதனை. ஒரு சட்டியில் பயறு போட்டு முளைத்ததும் பாதியை மூடி வையுங்கள், போதும்.

சூடடித்த பிறகு தறப்பாளைச் சில நாள் எடுக்காமல் விட்டால் அடியில் புல் மஞ்சளாகக் கிடக்குமே, அதிலும் இதுதான் நடக்கிறது. இலையில் பச்சையம் ஒருமுறை செய்து வைத்தால் நிரந்தரமாக இருப்பதில்லை. உடைந்துகொண்டும் புதிதாக உண்டாகிக்கொண்டும் இருக்கும். இருட்டில் உடைவது நடக்கும், உண்டாவது நின்றுவிடும்.

பாசிகளுக்கும், மலையகத்தில் நட்டிருக்கும் பைனஸ் போன்ற மரங்களுக்கும் ஒளி இல்லாமலே இந்தப் படியைச் செய்யும் இன்னொரு நொதியம் உண்டு. பைனஸ் நாற்று இருட்டிலும் பச்சை பிடிக்கும். பூக்கும் தாவரங்களின் வழியில் அந்த நொதியம் தொலைந்துபோயிற்று.

பனிக்குள் முருங்கை | ரொறன்ரோ

வணக்கம். நான் பரந்தன். இங்கே வந்து கன காலம். நிலவறையில் பெரிய சட்டியில் முருங்கை வைத்திருக்கிறேன், ஊதா நிற எல்.ஈ.டி விளக்கு போட்டிருக்கிறேன். கோடையில் வெளியே வைத்தால் நல்ல பச்சை. மாரியில் உள்ளே எடுத்ததும் வரும் புதுத்தளிர் மஞ்சள். விளக்கின் நிறம் பிழையா?

விஞ்ஞான ரீச்சர் | கிளிநொச்சி

ஊதா வெளிச்சம் என்றால் சிவப்பும் நீலமும் கலந்தது. பச்சையம் செய்வதில் ஒளி வேண்டிய அந்தப் படிக்கு இரண்டுமே பொருந்தும், ஆகவே நிறத்தில் குறை இல்லை. குளிரைப் பாருங்கள் அண்ணை. முருங்கை வெப்ப நாட்டு மரம். குளிரில் முதல் படியான அமினோலெவுலினிக் அமிலம் செய்வதே மந்தமாகிவிடும், குளிர்ந்த மண்ணில் வேர் இரும்பு எடுப்பதும் குறையும். சட்டியைக் குளிர்ந்த சீமெந்து நிலத்தில் நேராக வைக்காமல் பலகை மேல் வையுங்கள். தண்ணீரைக் குறையுங்கள்.

முருங்கன் மண் | மன்னார்

இங்கே கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே எங்களுடையது சுண்ணாம்பு கலந்த கறுத்தக் களி. இரும்புக் குறை எங்களுக்குப் பழகிய வருத்தம். தம்பிக்கு நடைமுறையில் சில விசயம் சொல்கிறேன்.

பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பை மண்ணில் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். சுண்ணாம்பு மண்ணில் விழுந்தவுடன் அது துருவாகிவிடும். இலைக்குத்தான் அடிக்க வேண்டும். லீற்றருக்கு ஐந்து கிராம், கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு அல்லது சித்திரிக்கமிலம், இலையில் பிடிப்பதற்குத் துளி சவர்க்காரம். உப்பு இளம்பச்சையாக இருக்க வேண்டும். கபில நிறமாக மாறியதை வாங்க வேண்டாம். கரைத்து வைக்கக்கூடாது, கரைத்த கையோடு அடித்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

அடித்துச் சில நாளில் இலையைப் பார்த்தால் துளி விழுந்த இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளியாகத் தெரியும். இரும்பு இலைக்குள்ளேயே அதிகம் நகராது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. புதிதாக வரும் கொழுந்துக்கு அது போய்ச் சேராது, ஆகவே ஒன்றரை இரண்டு கிழமை விட்டுத் திரும்ப அடிக்க வேண்டி வரும். நிரந்தரமாக மாற வேண்டுமானால் மாட்டெரு, இலைகுழை என்று சேதனப் பொருளைக் கூட்ட வேண்டும்.

இன்னொன்று. உளுந்திலும் பயறிலும் வரும் மஞ்சளை இதோடு குழப்ப வேண்டாம். ஒரு செடி மஞ்சள், பக்கத்துச் செடி பச்சை, இலையில் ஒழுங்கில்லாத பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் என்றால் அது வெண் ஈ பரப்பும் மஞ்சள் சித்திர வைரசு. அதற்கு இரும்பும் உதவாது, யூரியாவும் உதவாது. செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.

விஞ்ஞான ரீச்சர் | கிளிநொச்சி

முருங்கன் அண்ணை சொன்னது அருமை. முழுக் காணிக்கும் அடிக்குமுன் தம்பி ஒன்று செய்யலாம். அந்தக் கரைசலைப் பஞ்சில் நனைத்து ஒரு மஞ்சள் இலையின் பாதியில் மட்டும் தடவுங்கள். மற்றப் பாதியில் வெறும் தண்ணீர். சில நாளில் தடவிய பாதி பச்சையானால் இரும்புதான். ஆகாவிட்டால் மங்கனீசு போன்ற வேறு குறையைத் தேட வேண்டும், அப்போது இலையோடும் மண்ணோடும் விவசாயப் போதனாசிரியரிடம் போவது நல்லது.

குளக்கட்டு | முத்தையன்கட்டு

எல்லாவற்றையும் வாசித்தேன். ரீச்சர் நெல்லின் காரணத்தை எழுதுவதாகச் சொன்னீர்கள். ஒரு பச்சைய மூலக்கூறில் நைதரசன் நாலே நாலுதானே? யூரியா நின்றால் வயல் முழுக்க வெளுக்குமளவுக்கு அது எப்படிப் போகும்?

விஞ்ஞான ரீச்சர் | கிளிநொச்சி

ஐயா, சரியான இடத்தில் கேட்டீர்கள். இலையில் உள்ள நைதரசனில் பச்சையத்துக்குள் நேரடியாக இருப்பது மிகச் சிறிய பங்கு. பெரும்பங்கு புரதங்களில். பச்சையம் தனியே நிற்க முடியாது, அதைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் வேண்டும். காற்றின் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதியத்துக்கும் ஏராளமான நைதரசன் வேண்டும். பச்சையத்தைக் கட்டும் நொதியங்களும் புரதங்களே. நைதரசன் குறைந்தால் இவை எல்லாம் சேர்ந்து குறையும். தாங்க ஆள் இல்லாத பச்சையத்தைச் செடி செய்வதில்லை, இருப்பதையும் கலைத்துவிடும். ஏனென்றால் கட்டுப்பாடில்லாமல் கிடக்கும் பச்சையத்தில் வெயில் பட்டால் அந்தச் சக்தி ஒட்சிசனுக்குப் பாய்ந்து கலத்தையே எரித்துவிடும்.

ஆகவே நெல்லின் பச்சையைப் பார்த்து நைதரசனை மதிப்பிடுவது சரியான முறைதான். இலை வண்ண அட்டையை வயலில் இலையோடு வைத்து ஒப்பிட்டு யூரியா போடுவது இதை நம்பித்தான். கச்சானுக்கோ வேர்முடிச்சில் உள்ள பற்றீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதற்குமேல் யூரியாவைக் கொட்டினால் முடிச்சுகள் உருவாவது குறையும்.

வல்லாரை | புதுக்குடியிருப்பு

நான் தோட்டக்காரி இல்லை, ஆனால் இழையை ஆசையாக வாசிக்கிறேன். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் விட்டு வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் பச்சை போய்ப் பழுப்பாகிறது. கீரைக்குப் புளி விட்டாலும் அப்படித்தான். இதற்கும் மகனீசியத்துக்கும் தொடர்பு உண்டா?

விஞ்ஞான ரீச்சர் | கிளிநொச்சி

உண்டு அக்கா. செடி ஏ.ரி.பி செலவழித்துப் புகுத்திய அந்த மகனீசியத்தைப் புளிப்பு வெளியே தள்ளிவிடுகிறது. அதன் இடத்தில் இரண்டு ஐதரசன் வந்து குந்தும். வளையம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மங்கிய பழுப்புப் பச்சையாகும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். தேசிக்காயைப் பரிமாறும் நேரத்தில் பிழியுங்கள். கீரையை மூடாமல் அவித்தால் இலையில் உள்ள அமிலங்களில் ஆவியாகக்கூடியவை வெளியே போகும், பச்சை கொஞ்சம் நிற்கும்.

பச்சையத்தில் மகனீசியம் இருக்கிறது என்பதை உறுதியாக நிறுவியவர் ஜேர்மனியின் ரிச்சட் வில்ஸ்ரேற்றர். 1915 இல் அவருக்கு நோபல் பரிசு. பிறகு ஹான்ஸ் பிஷர், ஹீம் சார்ந்த ஹீமின், பச்சையம் ஆகிய இரண்டின் கட்டமைப்பையும் ஆராய்ந்ததற்காக 1930 இல் பெற்றார். ஆய்வுகூடத்தில் பச்சையத்தைத் தொகுத்துக் காட்ட 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதைச் செய்தவர் அமெரிக்காவின் வூட்வேட். ஒரு கீரைப்பிடி முளைத்துச் சில மணித்தியாலத்தில் செய்வதற்கு அத்தனை பேரும் அத்தனை வருடமும்.

உயர்தர உயிரியல் | வவுனியா

இன்னொரு கேள்வி ரீச்சர். தாங்க ஆள் இல்லாத பச்சையம் கலத்தை எரிக்கும் என்றீர்கள். அப்படியானால் பாதையின் நடுவில் தேங்கும் பொருட்களும் எரிக்குமா?

விஞ்ஞான ரீச்சர் | கிளிநொச்சி

எரிக்கும், சில நேரம் பச்சையத்தைவிட மோசமாக. இருட்டில் புரோட்டோகுளோரோபிலைட்டு அளவுக்குமேல் சேர்ந்துவிட்டால் விடியும்போது இலை கருகிவிடும். ஆகவே அது ஓர் அளவுக்கு வந்ததும் செடி முதல் படியையே நிறுத்திவிடுகிறது. இரவில் ஒவ்வொரு செடியும் இப்படிப் பாதையை மூடிவைத்து, காலை வெளிச்சத்தில் திரும்பத் திறக்கிறது.

இந்த ஆபத்தைக் களைகொல்லியாகப் பயன்படுத்துகிறார்கள். வெங்காயத் தோட்டங்களில் அடிக்கும் ஒட்சிபுளோபென், புரோட்டோபோபிரினுக்கு முந்திய படியின் நொதியத்தைத் தடுக்கிறது. தடுத்தால் புரோட்டோபோபிரின் குறைய வேண்டும் அல்லவா? நடப்பது வேறு. தேங்கிய பொருள் பச்சையவுருமணியை விட்டு வெளியே கசிந்து, அங்கே கட்டுப்பாடில்லாமல் புரோட்டோபோபிரினாக மாறிக் குவிகிறது. வெயில் பட்டதும் களையின் இலை வெந்ததுபோல் ஆகும். மூடிய வானத்தில் அடித்தால் மெதுவாகவும், நல்ல வெயிலில் வேகமாகவும் வேலை செய்வது இதனால். கச்சான் இலையில் அந்த விசிறல் பட்டால் அதற்கும் அதே கதிதான், எனவே வெங்காயத்துக்கு அடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.